சின்ன ஜெனரேட்டருக்குக் காயில் கட்டுகிறவர்களுக்கு

மன்னார்குடிப் பக்கம் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எங்களுக்குச் சோறு போடுவது போர் மோட்டார்தான். கையில் தூக்கிப் போகும் சின்ன ஜெனரேட்டரை முன்பெல்லாம் மைக் செட்காரர்களும் பந்தல்காரர்களும் எப்போதாவது கொண்டுவருவார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து போன பிறகு அது மாறிப்போனது. கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்களில் 2 கே.வி.ஏ. செட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு எச்.பி. மோட்டாரை அதில் மாட்டினார்கள். மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சின்ன செட் எப்படித் தாங்கும்? கடை வாசலில் கருகிய செட்டுகள் வரிசையாக நின்றன. இன்றும் மழைக்காலம் வந்தால் வருகின்றன. மோட்டார் காயில் நன்றாகக் கட்டத் தெரிந்த பையன்கள்கூட ஜெனரேட்டர் என்றால் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது ஊரில் அதிகம் புழங்கும் வகையைப் பற்றி: 2 கே.வி.ஏ., சிங்கிள் ஃபேஸ், பெட்ரோல், நிமிடத்துக்கு 3000 சுற்று, உள்ளே சுழலும் ரோட்டருக்கு, அதை உரசி நிற்கும் கார்பன் வழியாக டி.சி. கொடுத்து வோல்ட்டைச் சீராகப் பிடித்து நிறுத்தும் ஏ.வி.ஆர். என்ற கருவி வைத்த செட். இரண்டு போல் (காந்த முனை) என்பதால் 3000 சுற்றுக்கு 50 ஹெர்ட்ஸ் வரும். சத்தமே இல்லாமல் ஓடும் இன்வெர்ட்டர் வகை செட்டைத் தொடாதீர்கள். அதன் உள்ளே காந்தமும் காயிலும் எலக்ட்ரானிக்ஸும் வேறு கணக்கில் இருக்கின்றன.

முதலில், காயில் கட்ட வேண்டுமா?

"கரண்ட் வரவில்லை, காயில் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் வருவார்கள். அதை நம்பி உளியை எடுக்கக் கூடாது. கார்பன் தேய்ந்திருக்கலாம். ஏ.வி.ஆர். போயிருக்கலாம். பல மாதம் சும்மா கிடந்ததில் ரோட்டரில் மிச்சமிருக்க வேண்டிய காந்தம் போயிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் காயில் கட்டினால் வாடிக்கையாளருக்குப் பணம் நஷ்டம், நமக்குப் பெயர் நஷ்டம்.

செட்டை வெட்டவெளியில் வைத்து, சுமை எதுவும் மாட்டாமல் ஓட்டி, அவுட்புட் சாக்கெட்டில் மீட்டரை வையுங்கள். இரண்டிலிருந்து ஐந்து வோல்ட் மாதிரி ஏதாவது காட்டினால் காந்தம் இருக்கிறது, அவுட்புட் கொடுக்கும் மெயின் காயிலும் அறுந்துபோகவில்லை என்று அர்த்தம். அடுத்து எஞ்சினை நிறுத்தி ஏ.வி.ஆர். சாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு வயரைக் கார்பனுக்குக் கொண்டுபோங்கள். ஏ.வி.ஆரின் பிளஸ் போகும் கார்பனுக்கு பேட்டரியின் பிளஸ். எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் அவுட்புட்டில் பத்துக்கணக்கில் வோல்ட் ஏற வேண்டும். ஏறினால் ரோட்டரும் மெயினும் பெரும்பாலும் நல்லவை. குற்றம் ஏ.வி.ஆர். பக்கம், இல்லையென்றால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் துணைக் காயில் பக்கம். போன காந்தமும் இந்தச் சோதனையிலேயே திரும்பி வந்துவிடும். ஏ.வி.ஆர். மாட்டியிருக்கும்போது பேட்டரியைக் கொடுத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், கவனம்.

பேட்டரி கொடுத்தவுடன் சுமையே இல்லாமல் எஞ்சின் உறுமித் திணறினால், ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் காயிலில் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகியிருக்கிறது. புகை வரும் வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம். அப்படி இருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றும்போது

பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். ரோட்டரைக் கையால் திருப்பும்போது எஞ்சின் ஒரு தடவை வெடித்துச் சுழன்றால் போதும், விரல் இருக்காது. ஏ.வி.ஆருக்குப் பதிலாகக் கெப்பாசிட்டர் வைத்த செட் என்றால், அதன் இரண்டு முனையையும் 100 வாட் குண்டு பல்பின் வயர்களால் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடித்து இறக்குகிற பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. பொறி கண்ணில் தெறிக்கும், கெப்பாசிட்டரும் கெடும்.

பின் மூடியைத் தட்டுவதற்கு முன்னால் கார்பன் ஹோல்டரை வெளியே எடுத்துவிடுங்கள். மறந்தால் மூடி வரும்போது கார்பன் உடைந்து வரும். மூடியையும் ஸ்டேட்டரையும் பிடித்திருக்கும் நான்கு நீள போல்ட்டைக் கழற்றி, நைலான் சுத்தியால் நாலு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டினால் ஸ்டேட்டர் வந்துவிடும். ரோட்டர் மட்டும் எஞ்சின் ஷாஃப்டின் கூம்பான முனையில் (டேப்பரில்) கவ்விக்கொண்டு வராது. சுத்தியால் அடித்தால் ஷாஃப்ட் வளையும், கிராங்க் பேரிங் போகும். நடுவில் போகும் நீள போல்ட்டை எடுத்துவிட்டு, அந்தத் துளைக்குள் கொஞ்சம் குட்டையான இரும்புக் கம்பியைப் போட்டு, ரோட்டர் முனையில் இருக்கும் மரையில் வேறு ஒரு போல்ட்டை முறுக்குங்கள். போல்ட் கம்பியைத் தள்ளும், கம்பி எஞ்சின் ஷாஃப்டைத் தள்ளும், 'டக்' என்று ரோட்டர் விட்டுவிடும். முனையில் மரை இல்லாத ரோட்டருக்கு புல்லர்தான் வழி.

இப்போது மெகர், அதாவது காப்பு நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர். 500 வோல்ட் மெகரைப் போடுவதற்கு முன் ஏ.வி.ஆர்., டயோடு, 12 வோல்ட் சார்ஜுக்கு டி.சி. கொடுக்கும் டயோடு பிரிட்ஜ் எல்லாம் கழன்றிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவை அங்கேயே செத்துப்போகும். காயிலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டவே கூடாது. வெள்ளத்தில் நனைந்த செட் என்றால் உடனே முடிவு கட்டாதீர்கள். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, 80, 90 டிகிரி சூட்டில் நன்றாகக் காயவைத்து மறுபடியும் மெகர் போட்டுப் பாருங்கள். ஏறிவிட்டால் வார்னிஷ் மட்டும் போட்டுக் கொடுத்துவிடலாம்.

எங்கே கருகியிருக்கிறது என்பதையும் படித்துப் பாருங்கள். மெயின் முழுக்கச் சீராகக் கறுத்திருந்தால் ஓவர்லோடு. ஒரே இடத்தில் கரும்புள்ளி, பக்கத்தில் உருகிய செம்பு மணிகள் என்றால் காயில் அமரும் பள்ளமான ஸ்லாட்டின் பேப்பர் கிழிந்து, கம்பி இரும்பைத் தொட்டு பாடி ஆகியிருக்கிறது. மெயின் பளபளவென்று இருந்து துணைக் காயில் மட்டும் கருகியிருந்தால் ஏ.வி.ஆர். ஷார்ட். அதை மாற்றாமல் காயிலை மட்டும் கட்டிக் கொடுத்தால் அடுத்த வாரமே திரும்பி வரும். ரோட்டர் கருகியிருந்தால் வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சத்தம் குறையட்டும் என்று எஞ்சின் வேகத்தைக் குறைத்தீர்களா?" வேகம் குறைந்தால் வோல்ட் குறையும். வோல்ட்டைப் பிடித்து நிறுத்த ஏ.வி.ஆர். ரோட்டருக்குக் கூடுதலாகக் கரண்ட் தள்ளும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் பார்த்து ரோட்டரைத் தின்றுவிடுகிறார்கள்.

குறிப்பு எடுப்பது

என் கணக்கில் காயில் கட்டும் வேலையில் பாதி இதுதான். மோட்டாருக்குச் சுற்று எண்ணிக்கை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் உண்டு. இந்தச் செட்டுகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு செட்டுக்குள் வேறு வேறு கணக்கு இருக்கும்.

எதையும் வெட்டுவதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ. ஸ்லாட் எத்தனை, மெயின் எந்த ஸ்லாட்டில் தொடங்கி எதில் முடிகிறது, துணைக் காயில் எங்கே, 12 வோல்ட் காயில் எங்கே, வயர் எந்தப் பக்கம் எந்த நிறத்தில் வெளியே வருகிறது, எல்லாவற்றையும் வட்டம் போட்டுப் படமாக வரையுங்கள். ஸ்டேட்டரில் ஒரு ஸ்லாட்டுக்கு மேலே மார்க்கரால் '1' என்று எழுதிவிட்டு அங்கிருந்து எண்ணினால் பிறகு குழப்பம் வராது. காயில் இருபுறமும் ஸ்டேட்டரின் இரும்பான கோருக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம், வயர் வெளியே வராத பக்கத்தில் மட்டும் காயிலைக் கோருடன் ஒட்டி உளியால் வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் தெரியும் கம்பி முனைகளை எண்ணினால் சுற்று கிடைக்கும். இந்த ஸ்டேட்டரில் காயில் ஒன்றுக்குள் ஒன்றாக அமர்ந்திருக்கும். உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் சுற்று ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் ஒன்றை எண்ணிவிட்டு மற்றதை ஊகிக்காமல், ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஜோடியோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். இரண்டு கம்பி சேர்த்துச் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரட்டைக் கம்பியைத் தனிக் கம்பி என்று நினைத்தால் சுற்று இரண்டு மடங்காகிவிடும்.

கேஜ் (கம்பியின் பருமன் எண்) பார்க்கும்போது எனாமலைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டர் வையுங்கள். எனாமலோடு அளந்தால் ஒரு கேஜ் தவறும். 17 கேஜ் கம்பி 1.42 மி.மீ. அது கடையில் இல்லை, அல்லது மடக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றால் 19 கேஜ் (1.016 மி.மீ.) இரண்டு கம்பி சேர்த்துச் சுற்றலாம். முதலாவதன் குறுக்குப் பரப்பு 1.59 சதுர மி.மீ., இரண்டாவது இரண்டும் சேர்ந்து 1.62. 2 கே.வி.ஏ. என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர், ஒரு சதுர மி.மீட்டருக்கு ஐந்தரை ஆம்பியர்கூட வராது. பரவாயில்லை.

சுரண்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். செம்பு நிற எனாமல் பூசி வரும் செட்டுகள் நிறைய. அதே கேஜில் செம்பு போட்டால் செட்டுக்கு நல்லதுதான், சூடு குறையும், ஆனால் விலை ஏறும். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். செம்பு இருந்த இடத்தில் அதே கேஜ் அலுமினியத்தைப் போடுவது திருட்டு. அலுமினியத்தின் ரெசிஸ்டன்ஸ் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

உரிப்பதும் கட்டுவதும்

பழைய காயிலை எடுக்க ஸ்டேட்டரை விறகிலும் டயரிலும் போட்டுக் கொளுத்துவதை நிறுத்துங்கள். கோர் என்பது மெல்லிய தகடுகளின் அடுக்கு. ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் ஒரு காப்புப் பூச்சு இருக்கிறது. 370 டிகிரியைத் தாண்டினால் அது போகத் தொடங்கும். போய்விட்டால் நீங்கள் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் சுமை இல்லாமலேயே கோர் சுடும். கொளுத்தும்போது வரும் புகையை மூச்சில் இழுக்கிறவர்களும் நாம்தான். ஒரு பக்கம் வெட்டியாகிவிட்டது அல்லவா, ஹாட் ஏர் கன்னால் ஸ்லாட் ஸ்லாட்டாகச் சூடுபடுத்தி மறுபக்கத்திலிருந்து குறட்டால் இழுத்தால் வந்துவிடும். நேரம் பிடிக்கும்தான். வெளியே திறந்த இடத்தில், முகமூடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். எடுத்த காயிலில் ஒன்றை உருக்குலையாமல் வைத்துக்கொண்டால் புதுக் காயில் சுற்றும் அச்சான ஃபார்மாவுக்கு அளவு கிடைக்கும். மொத்தச் செம்பையும் எடை போட்டுக்கொண்டால் எவ்வளவு புதுக் கம்பி வாங்குவது என்று தெரியும், பத்து சதவீதம் கூட்டி வாங்குங்கள்.

ஸ்லாட் பேப்பரை இருபுறமும் ஐந்தாறு மி.மீ. வெளியே நீட்டி, ஓரத்தை மடித்துப் போடுங்கள். பாடி ஆவது பெரும்பாலும் ஸ்லாட்டின் வாயில்தான். மெயினை முதலில் இறக்கி, மேலே பேப்பர் வைத்து, 90 டிகிரி தள்ளித் துணைக் காயிலை இறக்கி, மூங்கில் குச்சியோ ஃபைபர் குச்சியோ அடித்து மூடுங்கள். கம்பி சரியாக இறங்காவிட்டால் ஒரு சுற்றைக் குறைத்துவிடலாம் என்று தோன்றும். குறைக்காதீர்கள். குறிப்பாகத் துணைக் காயிலில் சுற்று மாறினால் ஏ.வி.ஆருக்குப் போகும் வோல்ட்டே மாறிவிடும். இணைப்புகளை எனாமல் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து, கண்ணாடி இழை ஸ்லீவ் போடுங்கள். பி.வி.சி. ஸ்லீவ் இந்தச் சூட்டில் உருகும்.

வார்னிஷுக்கு முன்னால் ஒரு சோதனை. காயில் கூட்டங்களில் ஒன்று தலைகீழாக இணைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வோல்ட்டே வராது. வார்னிஷ் போட்ட பிறகு தெரிந்து என்ன பயன்? பேட்டரியிலிருந்து 12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பைத் தொடராக வைத்து மெயினுக்குக் கரண்ட் கொடுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் திசைகாட்டியை ஸ்டேட்டருக்குள் ஒரு சுற்று நகர்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் வடக்கு, நேர் எதிரே தெற்கு, அவ்வளவுதான் வர வேண்டும். நடுவில் வேறு எங்காவது முள் திரும்பினால் ஒரு கூட்டம் தலைகீழ். துணைக் காயிலுக்கு அதே சோதனை, முள் 90 டிகிரி தள்ளிக் காட்டும். மெயினில் கரண்ட் ஓடும்போதே அதன் இரு முனையில் வோல்ட்டை அளந்தால் ரெசிஸ்டன்ஸும் கிடைக்கும். 4 ஆம்பியர் ஓடி 2.8 வோல்ட் விழுந்தால் 0.7 ஓம். ஒரு ஓமுக்குக் கீழே சாதா மீட்டரை நம்ப முடியாது, அதன் வயரே 0.2, 0.3 ஓம் காட்டும்.

பின் மூடியை ஒருமுறை வைத்துப் பார்த்து, காயில் எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகு நூலால் இறுக்கிக் கட்டி, சூடுபடுத்தி ஈரத்தை விரட்டி, குமிழி நிற்கும் வரை வார்னிஷ் ஊற்றுங்கள். தகரப் பெட்டிக்குள் பல்பு வைத்துக் காயவைப்பது நம் ஊர் வழக்கம். சொட்டச் சொட்ட உள்ளே வைத்தால் தின்னர் ஆவி பல்பின் சூட்டில் பற்றிக்கொள்ளும். வெளியே வடியவிட்டு, வாடை அடங்கிய பிறகு உள்ளே வையுங்கள். பெட்டியில் 120 டிகிரி ஏறாது என்றால் காற்றில் உலரும் வார்னிஷையே வாங்குங்கள்.

ரோட்டரைப் பற்றி ஒன்று மட்டும். 12 செ.மீ. விட்டமுள்ள ரோட்டர் 3000 சுற்றில் ஓடும்போது, ஓரத்தில் இருக்கும் கம்பி தன் எடையைப் போல 600 மடங்கு விசையோடு வெளியே இழுக்கும். நூறு கிராம் செம்பு அறுபது கிலோவாக இழுக்கிறது. ரெசின் போட்டு இறுக்கவும் பேலன்ஸ் பார்க்கவும் வசதி இல்லாத பட்டறையில் ரோட்டர் கட்டாதீர்கள். புது ரோட்டர் வாங்கிப் போட்டுவிடுங்கள், அல்லது வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

மெகர் மறுபடியும். புதுக் காயில் என்றால் பத்து இருபதோடு திருப்திப்படாதீர்கள், நூறு மெகா ஓமைத் தாண்ட வேண்டும். பிறகு செட்டைத் தெருவிலோ கொல்லையிலோ வைத்து ஓட்டுங்கள். ஷட்டரை ஏற்றிவிட்டால் போதும் என்று கடைக்குள்ளேயே ஓட்டுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தலை சுற்றும்போது எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. வாடிக்கையாளரிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள். மாடிப்படிக்குக் கீழே, வராந்தாவில், சன்னலோரத்தில் வைக்கக் கூடாது.

முதலில் சுமை இல்லாமல், கையை ஸ்விட்ச் மேலேயே வைத்துக்கொண்டு. 250 வோல்ட்டைத் தாண்டினால் யோசிக்காமல் நிறுத்துங்கள். 230 அருகே, 51, 52 ஹெர்ட்ஸ் நின்றால் சரி. பிறகு 100 வாட் பல்பு, 500, 1000 வாட் ஹீட்டர் என்று படிப்படியாக. டி.வி.யோ செல்போன் சார்ஜரோ வைத்துச் சோதிக்க வேண்டாம். அரை மணி நேரம் சுமையில் ஓட்டி, நிறுத்தி, வாடையும் சூடும் பார்த்து, சூடாக இருக்கும்போதே இன்னொரு மெகர்.

கொடுக்கும்போது, வீட்டில் எப்படி மாட்டப்போகிறார் என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் பின் வைத்த வயரால் சுவர் பிளக்கில் செருகுகிறேன் என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மெயின் ஸ்விட்சை இறக்க மறந்தால், அந்த 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகக் கம்பிக்குப் போகும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி மேலே ஏறியிருப்பவர் நம் ஊர் லைன்மேன். தெரு லைனும் செட்டும் ஒரே நேரத்தில் சேராமல் மாற்றிவிடும் சேஞ்சோவர் ஸ்விட்ச் போடாதவருக்கு நான் செட்டைக் கொடுப்பதில்லை, சண்டை போட்டாலும் சரி.

கடைசியாக, ஸ்லாட் எத்தனை, ஒவ்வொரு காயிலிலும் சுற்று எத்தனை, கேஜ் என்ன, கட்டிய தேதி என்ன என்று ஒரு சீட்டில் எழுதி, பின் மூடிக்கு உள்பக்கம் வைத்து மேலே வார்னிஷ் தடவிவிடுங்கள். அடுத்து கழற்றுகிறவர் எண்ண வேண்டியதில்லை.